கோட்டையும் முற்றுகையும்: ஞாயிறு வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். போன பள்ளி விடுமுறையில் அவர்களை மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். திரும்பி வரும்போது வேனில் ஆரம்பித்த கேள்விகள் இன்னும் ஓயவில்லை. பிள்ளைகளை ஏற்றிப் போக வரும் பெற்றோரும் மண்டபத்து வாசலில் பேப்பர் படிக்கும் அங்கிள்களும் இப்போது சேர்ந்துகொண்டார்கள். பாதிக் கேள்வி சினிமாவிலிருந்து வருகிறது, மீதி கைப்பேசி விளையாட்டிலிருந்து. ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எண் போட்டிருப்பது, "மூன்றாவதைப் போய்ப் படி" என்று சொல்லித் தப்பிப்பதற்குத்தான்.

1. டீச்சர், இடைக்காலம்னா எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும்?

ஐரோப்பிய வரலாற்றில் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை. மேற்கு ரோமப் பேரரசு விழுந்த 476ஐத் தொடக்கம் என்றும், கான்ஸ்டான்டிநோபிள் விழுந்த 1453ஐ முடிவு என்றும் அடையாளத்துக்குச் சொல்வார்கள். நமக்கு அந்தக் கோடு அப்படியே பொருந்தாது. ஆனாலும் இராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்துக்கு, அதாவது நம் கெடாவுக்கு, வந்த 1025 அதன் நடுவில் விழுகிறது. போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்த 1511 அதன் வாலில் தொங்குகிறது. இரண்டும் கீழே வரும்.

2. ரெண்டு படையும் வெட்டவெளியில மோதிக்கிறதுதானே போர்? படத்துல எல்லாம் அப்படித்தானே காட்றாங்க?

மோதினார்கள், ஆனால் அபூர்வமாக. வெட்டவெளிப் போர் ஒரே மத்தியானத்தில் நாட்டைப் பந்தயம் வைக்கும் சூதாட்டம். விவரமான தளபதி அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருந்தான். அன்றாடப் போர் என்றால் கொள்ளையும் முற்றுகையும்தான். 1355இல் கறுப்பு இளவரசன் என்று பெயர் வாங்கிய இங்கிலாந்து இளவரசன் எட்வர்டு, பிரான்சில் போர்தோவிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் நார்போன் வரை போய்த் திரும்பினான். வழிநெடுக ஊர்களை எரித்ததுதான் அவன் படைக்கு வேலை. வரி கட்டும் ஊர் எரிந்தால் எதிரி அரசனுக்குப் பணமும் போச்சு, குடிகளைக் காக்கத் தெரியாதவன் என்ற பெயரும் வந்தாச்சு.

இது நமக்குப் புதிய செய்தியா என்ன? தொல்காப்பியம் புறத்திணையைத் தொடங்குவதே மாடு பிடிக்கப் போகும் வெட்சியில்தான். மதிலை வளைப்பது உழிஞை. பின்னால் வந்த இலக்கணம் மதிலைக் காப்பதைத் தனியாகப் பிரித்து நொச்சி என்றது. நேருக்கு நேர் மோதும் தும்பை, வெட்சி, வஞ்சி, உழிஞை எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறது. உழிஞை, நொச்சி என்ற இரண்டு சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இனி அடிக்கடி வரும்.

3. கோட்டைக்குள்ள பூந்துக்கிட்டா நாமளே போய் மாட்டிக்கிட்ட மாதிரிதானே? அதுக்கு எதுக்கு அவ்ளோ செலவு பண்ணி மதில் கட்டணும்?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. எதிரியை என்றைக்குமாகத் தடுக்க முடியும் என்று நம்பி யாரும் கோட்டை கட்டவில்லை. நாள் கடத்தக் கட்டினார்கள். உள்ளே இருப்பவர்கள் கொஞ்சப் பேர், களஞ்சியம் இருக்கும், கிணறு இருக்கும். திருக்குறள் அரண் அதிகாரத்தில் கோட்டைக்குச் சொல்லும் இலக்கணத்தில் உள்ளே உணவு இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. வெளியே ஆயிரக்கணக்கில் ஆட்களும் குதிரைகளும் தினமும் தின்றாக வேண்டும். அக்கம்பக்கத்து ஊரில் இருந்ததைக் கொஞ்ச நாளில் வழித்துவிடுவார்கள். அப்புறம் இன்னொன்று, ஒரே இடத்தில் அத்தனை பேர் கூடாரம் போட்டு அங்கேயே வெளிக்கும் போனால் வயிற்றுக்கடுப்பு வராமல் என்ன செய்யும்? 1415இல் இங்கிலாந்து அரசன் ஐந்தாம் ஹென்றி பிரான்சின் ஹார்ஃப்ளர் துறைமுகத்தை ஐந்து வாரத்தில் பிடித்தான். அதற்குள் அவன் படையில் ஏராளமானவர்களை வயிற்றுப்போக்கு தின்றுவிட்டது. ஐரோப்பாவில் பல இடங்களில் பிரபுவுக்குக் கட்டுப்பட்ட வீரன் 40 நாள் படைச் சேவை செய்தால் போதும் என்ற வழக்கமும் இருந்தது. அதற்கு மேல் நிற்கக் கூலி கொடுக்க வேண்டும்.

ஆகவே அவசரம் உழிஞைக்காரனுக்குத்தான். நொச்சிக்காரன் உதவிப் படை வரும் என்று காத்திருப்பான். பல முற்றுகைகள் பேரத்தில் முடிந்தது இதனால்தான். "இன்ன தேதிக்குள் எங்களுக்கு உதவி வராவிட்டால் கதவைத் திறந்துவிடுகிறோம்" என்று ஒப்பந்தம் போடுவார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டையில் இருந்த ஆங்கிலேயத் தரப்புக் காவலன் 1314 கோடை நடுவரை தவணை வாங்கினான். அந்தத் தேதிக்குள் போய்ச் சேர இரண்டாம் எட்வர்டு பெரும்படையோடு வர வேண்டியதாயிற்று. கோட்டைக்குப் பக்கத்தில் பானக்பர்னில், ஈட்டியோடு நெருக்கி நின்ற ஸ்காட்லாந்து காலாட்படையிடம் தோற்று ஓடினான்.

4. அகழியில முதலை விட்டாங்களாமே, உண்மையா?

நம் சங்கப் பாடல்களில் முதலை உலவும் அகழி வருகிறது. ஐரோப்பாவில் முதலைக்கு எங்கே போவது? அகழியின் பெரிய வேலை வேறு. ஏணியையும், மதிலேற உருட்டி வரும் மரக்கோபுரத்தையும் மதிலோடு ஒட்டவிடாது, சுரங்கம் தோண்டுகிறவனைத் தண்ணீரால் மூழ்கடிக்கும். தண்ணீரே இல்லாத வெறும் பள்ளமும் முதல் வேலையை நன்றாகவே செய்யும். சந்தேகமிருந்தால் தோட்டத்து எல்லையில் வெட்டியிருக்கும் பாரிட்டில் (வாய்க்காலில்) இறங்கி, கையில் ஓர் ஏணியோடு மறுபக்கம் ஏறிப் பாருங்கள். (நிஜமாகவே ஏறப் போன இரண்டு பேரின் அம்மாக்கள் என்னைத் திட்டியதால் சொல்கிறேன்: ஏற வேண்டாம்.)

5. பீரங்கி வர்றதுக்கு முன்னாடி அவ்ளோ பெரிய மதிலை எப்படி உடைச்சாங்க?

மேலே ஏறலாம், நேரே இடிக்கலாம், அடியில் தோண்டலாம். ஏணி மலிவு, ஆனால் ஏறுகிறவன் உயிரும் அதே விலைதான். இடிக்க, இரும்புப் பூண் போட்ட மரத்தைக் கூரைக்கடியில் தொங்கவிட்டு ஆட்டி ஆட்டி மோதுவார்கள். தூரத்திலிருந்து கல்லெறியப் பெரிய கவண். கவண் என்றதும் பையன்கள் லாஸ்டிக்கைக் காட்டுகிறார்கள். அது ரப்பர் இழுவையில் வேலை செய்வது. 12ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பரவிய பெருங்கவண் நம் பாட்டன்மார் ஊரில் கிணற்றில் வைத்திருந்த ஏற்றம் மாதிரி. நீண்ட மரத்தின் ஒரு முனையில் பெரும் பாரம், மறு முனையில் கல் வைத்த தோல் பை. பாரம் கீழே விழுந்தால் கல் வானத்துக்குப் போகும். 1304இல் அதே ஸ்டெர்லிங்கை முற்றுகையிட்ட முதலாம் எட்வர்டு, 'போர் ஓநாய்' என்று பெயர் வைத்து மாபெரும் கவண் ஒன்று செய்தான். உள்ளே இருந்தவர்கள் சரணடைகிறோம் என்ற பிறகும், கவணைச் சுட்டுப் பார்க்காமல் விடமாட்டேன் என்று அடம் பிடித்தான். புது பைக் வாங்கினவன் மாதிரி.

எல்லாவற்றிலும் பயங்கரம் சுரங்கம். மதிலுக்கு அடியில் மண்ணை எடுத்துக்கொண்டே போய் மரத்தூண்களால் முட்டுக் கொடுப்பார்கள். பிறகு விறகை அடுக்கிக் கொளுத்தினால் தூண்கள் எரியும், மேலே மதில் உட்காரும். 1215இல் இங்கிலாந்தின் ராச்செஸ்டர் கோட்டையில் ஜான் அரசன் செய்தது இதுதான். தீ நன்றாகப் பிடிக்க 40 கொழுத்த பன்றிகளை அனுப்பச் சொல்லி அவன் எழுதிய உத்தரவு இன்றும் இருக்கிறது. கோபுரத்தின் ஒரு மூலை அப்படியே சரிந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் கோபுரத்துக்குள் இருந்த குறுக்குச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். கடைசியில் அவர்களை வெளியே கொண்டுவந்தது பசி. இடிந்த மூலையைப் பிறகு வட்டமாகக் கட்டினார்கள், மற்ற மூலைகள் இன்னும் சதுரம்தான்.

நொச்சிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மதிலோரம் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, தண்ணீர் அதிர்ந்தால் கீழே தோண்டுகிறான் என்று தெரிந்துகொண்டு எதிர்ச்சுரங்கம் தோண்டினார்கள். மண்மதிலையும் குறைத்துப் பேச வேண்டாம். தெலுங்கு நாட்டை ஆண்ட காகதீயரின் வாரங்கல் கோட்டைக்கு உள்ளே கல்மதில், வெளியே மண்மதில். கல் இடிபட்டால் நொறுங்கும், மண் அடியை வாங்கிக்கொள்ளும்.

6. கொதிக்கிற எண்ணெயை ஊத்துனாங்கன்னு சொல்றாங்க, ஆனா எண்ணெய் விக்கிற விலைக்கு அது சாத்தியமா?

கேட்டது சாப்பாட்டுக் கடை நடத்தும் அக்கா. ஐரோப்பிய ஆய்வாளர்கள் சொல்வதும் இதே நியாயம்தான். எண்ணெய் விலை உயர்ந்த பண்டம், முற்றுகைக் காலத்தில் அது உணவு. அதனால் அது மிக அரிது. கொதிநீர், சுடுமணல், சுண்ணாம்பு, கல் இவைதான் பெரும்பாலும் மேலிருந்து விழுந்தன. சுடுமணல் கவசத்து இடுக்கில் போய்விட்டால் தட்டியும் விட முடியாது.

நம் பக்கத்தில் சிலப்பதிகாரம் மதுரை மதிலில் இருந்த பொறிகளை அடுக்கும்போது, கல் உமிழும் கவணோடு கொதிக்கும் நெய்யையும் சேர்க்கிறது. காப்பியம் சொன்னதால் நடந்தது என்று ஆகிவிடாது. ஆனால் மதிலில் அடுப்பு இருக்கும் என்று அந்தக் காலத்து ஆட்கள் எதிர்பார்த்தார்கள் என்பது தெரிகிறது.

7. கோட்டை மாடிப்படி வலது பக்கமா சுத்துறது, மேல இருக்கிறவன் வாள் வீச வசதியாவாம். சரிதானே?

சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பிடித்த கதை. எதிர்ப்பக்கம் சுற்றும் படிக்கட்டும் நிறையக் கோட்டைகளில் உண்டு. தவிர, எதிரி படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டான் என்றால் கோட்டை ஏற்கெனவே போய்விட்டது.

8. இரும்புக் கவசம் போட்டவன் கீழ விழுந்தா எந்திரிக்கவே முடியாதாமே?

முழுக் கவசம் 20 முதல் 25 கிலோ. அது உடம்பு முழுக்கப் பரவி நிற்கும். தோளில் கம்பு போட்டு இரண்டு ரப்பர் பால் வாளி தூக்கிக்கொண்டு தோட்டத்து ஸ்டோருக்கு நடந்த என் பாட்டிக்கு அது ஒரு பாரமாகவே தெரிந்திருக்காது. பழகிய வீரன் ஓடுவான், குதிரை ஏறுவான், விழுந்தால் எழுந்துவிடுவான். சேறு இருந்தால் மட்டும் கதை வேறு. அது பத்தாவது பதிலில்.

9. தோத்து ஓடுற மாதிரி நடிச்சா யாராச்சும் ஏமாறுவாங்களா? கேம்ல நான் ஏமாற மாட்டேன்.

கேமில் நீ மேலேயிருந்து களம் முழுவதையும் பார்க்கிறாய். அங்கே நிற்பவனுக்கு முன்னால் இருப்பவன் முதுகும் தூசியும்தான் தெரியும். காலையிலிருந்து தன்னைக் குத்த வந்தவன் திரும்பி ஓடுகிறான் என்றால் கால் தானாகக் கிளம்பும். 1066இல் ஹேஸ்டிங்ஸில் ஆங்கிலேயர் மேட்டின் மேல் கேடயத்தோடு கேடயம் சேர்த்துச் சுவர் மாதிரி நின்றார்கள். நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்த நார்மன் குதிரைப்படையால் நாளின் பெரும்பகுதி அதை உடைக்க முடியவில்லை. நார்மன்கள் பின்வாங்கியபோது சிலர் சுவரை விட்டு இறங்கித் துரத்தினார்கள். பள்ளத்துக்கு வந்ததும் குதிரைகள் திரும்பிச் சூழ்ந்தன. கேடயச் சுவரின் பலம் பக்கத்தில் நிற்பவனில் இருக்கிறது. தனியாக இறங்கியவன் வெறும் ஆள். மங்கோலியர் இதை இன்னும் நீட்டினார்கள். 1223இல் ரஷ்ய இளவரசர்களின் படையை நாள்கணக்கில் பின்னால் ஓடவிட்டு, களைத்துப் போய் நீண்டு சிதறியதும் கல்கா ஆற்றங்கரையில் திரும்பினார்கள்.

இதற்குத் தற்காப்பு சொல்வது சுலபம்: துரத்தாதே. செய்வதுதான் கஷ்டம். 1191இல் பாலஸ்தீனத்து அர்சூஃபில் சுல்தான் சலாகுதீனின் குதிரை வில்லாளிகள் நாள் முழுக்கச் சீண்டியும், வரிசையைக் கலைக்கக் கூடாது என்று சிலுவைப்போருக்கு வந்த இங்கிலாந்து அரசன் ரிச்சர்டு கட்டளை போட்டிருந்தான். கடைசியில் பின்வரிசையில் அடி வாங்கிக்கொண்டிருந்த மருத்துவமனைச் சபை வீரர்கள் (ஹாஸ்பிடலர்கள் என்ற கிறித்தவத் துறவி வீரர்கள்) பொறுக்க முடியாமல் பாய்ந்துவிட்டார்கள். ரிச்சர்டு உடனே படை முழுவதையும் பாயவிட்டு அதை வெற்றியாக்கினான். வேறு யாராவது தலைமையில் இருந்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

10. கொஞ்ச பேர் நிறைய பேரை ஜெயிச்சது எல்லாம் வில்லாலதானே?

1415 அக்டோபர் 25, அஜின்கோர்ட். மூன்றாவது பதிலில் ஹார்ஃப்ளரில் நோய்ப்பட்ட அதே படை. பிரெஞ்சுப் படை அதைவிடப் பெரியது. இரண்டு காட்டுக்கு நடுவே ஒடுங்கிய வயல், புதிதாக உழுதது, முதல் நாள் இரவு மழை. மறுநடவுக்குப் புல்டோசர் ஓட்டிய செம்மண் காட்டில் மழைக்கு மறுநாள் நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பூட்ஸ் அங்கேயே நிற்கும், கால் மட்டும் வரும். பிரெஞ்சு வீரர்கள் அதில் கவசத்தோடு நடந்து வந்தார்கள். ஒடுங்கிய இடம் என்பதால் எண்ணிக்கை உதவவில்லை, பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களை நெருக்கினார்கள். ஆங்கில வில்லாளிகள் கூர்முனைக் கழிகளை எதிரே நட்டு, குதிரை நெருங்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

வில் முக்கியம்தான். ஆனால் 1429இல் பட்டேயில், கழி நட்டு முடிப்பதற்குள் பிரெஞ்சுக் குதிரைப்படை வந்து விழுந்தது. அதே நீண்ட வில், அதே ஆங்கிலேயர், நின்று சண்டை போடவே முடியவில்லை. இடமும் நேரமும் கிடைத்தால்தான் வில்.

11. நம்ம சோழர்கிட்ட யானைப்படை இருந்துச்சே, அதை யாராலம்மா நிறுத்த முடியும்?

வாசலில் பேப்பர் படிக்கும் அங்கிளின் கேள்வி. யானை குதிரைகளை மிரட்டும், வரிசையை உடைக்கும், கதவை முட்டும். இன்னொரு வேலை, அரசன் உயரத்தில் உட்கார்ந்து களத்தைப் பார்க்கலாம். படையும் அரசன் இருக்கிறான் என்று பார்த்துத் தெம்பாக இருக்கும். அங்கேதான் வம்பு, அங்கிள். படைக்குத் தெரிவது எதிரியின் வில்லுக்கும் தெரியும். 949இல் தக்கோலத்தில் இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான், சோழர் படை சிதறியது, தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது.

சுமார் நூறு ஆண்டுக்குப் பிறகு கொப்பத்தில், சாளுக்கியரோடு நடந்த போரில் முதலாம் இராஜாதிராஜனும் அதே மாதிரி யானைமேல் இறந்தான். படை கலையத் தொடங்கியது. ஆனால் இந்தத் தடவை அவன் தம்பி இரண்டாம் இராஜேந்திரன் களத்திலேயே இருந்தான். முன்னால் வந்து படையைத் திருப்பி, போரை வென்று, அங்கேயே முடிசூட்டிக்கொண்டான். யானை இரண்டு போரிலும் ஒன்றுதான். அடுத்த ஆள் தயாராக நின்றது கொப்பத்தில் மட்டும்.

12. இவ்ளோ கஷ்டம் எதுக்கு, உள்ள ஒருத்தனுக்குக் காசு குடுத்தா போதாதா?

பல இடங்களில் போதுமானதாகத்தான் இருந்தது. சிலுவைப்போர் வீரர்கள் இன்றைய துருக்கியில் இருக்கும் அந்தியோகியா மதிலுக்கு வெளியே ஏழு மாதத்துக்கு மேல் கிடந்தார்கள். 1098 ஜூனில் ஒரு கோபுரத்தின் காவலன் ஏணி போட விட்டான், இரவோடு இரவாக நகரம் விழுந்தது. சிரியாவில் கிராக் கோட்டை 1271இல் சுல்தான் பைபர்ஸிடம் சரணடைந்ததற்கு, மேலிடத்திலிருந்து வந்தது போல் எழுதிய போலிக் கடிதம் காரணம் என்று சொல்லப்படுகிறது. அவ்வளவு தடித்த மதிலைத் தாளால் தாண்டியிருக்கிறார்கள்.

13. ராஜேந்திர சோழன் கடாரத்தை ஜெயிச்சாரே, அப்ப இங்க இருந்த கோட்டை எங்க டீச்சர்? மியூசியத்துல ஒண்ணையும் காணோமே!

மெர்போக்கில் நாம் பார்த்தவை சண்டிகள், அதாவது வழிபாட்டுக் கட்டடங்களின் கல், செங்கல் அடித்தளங்கள். இந்த வட்டாரத்தில் தற்காப்பு வேலி பெரும்பாலும் மரமும் மண்ணும். மலாயில் கூபு என்பார்கள். நம் மழைக்கும் கறையானுக்கும் அது ஆயிரம் ஆண்டு நிற்காது.

இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடல் நடுவே பல கலம் செலுத்தி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனை யானைகளோடு பிடித்ததையும், குவித்து வைத்த செல்வத்தையும் வாயில் தோரணத்தையும் எடுத்ததையும் சொல்லி, ஒரு டஜனுக்கு மேற்பட்ட ஊர்களை அடுக்குகிறது. எத்தனை நாள் முற்றுகை என்ற பேச்சே அதில் இல்லை. என் கணிப்பு இது: கடாரத்தையும் சேர்த்து ஆண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்கள் மலாக்கா நீரிணை நெடுக ஒன்றுக்கொன்று தூரத்தில் இருந்தன. கடலிலிருந்து திடீரென்று வருகிறவனிடம் ஒவ்வொன்றும் தனியாக மாட்டியது. மூன்றாவது பதிலில் சொன்ன உதவிப் படைக்கும் அதைக் கூப்பிடும் அவகாசத்துக்கும் இடமே இல்லை. அடித்துவிட்டுப் போனார்கள், உட்கார்ந்து ஆளவில்லை. இரண்டாவது பதிலில் உள்ள வெட்சி, கப்பலில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

14. அவ்ளோ பெரிய கோட்டை இருந்தும் மலாக்கா எப்படி விழுந்துச்சு?

ஃபாமோசா கோட்டையைக் கட்டியதே பிடித்த பிறகு வந்த போர்த்துக்கீசியர்தான். படத்தில் பார்க்கும் சந்தியாகோ வாயில் அதில் மிஞ்சியது. சுல்தான் மஹ்மூட் ஷாவின் மலாக்காவில் மரத் தடுப்புகள், பீரங்கிகள், யானைகள், ஏராளமான வீரர்கள் இருந்தார்கள். ஊரை ஆறு இரண்டாகப் பிரித்தது, நடுவில் ஒரே பாலம். அதைப் பிடித்தவன் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று உதவாமல் அறுத்துவிடுவான். போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க் 1511 ஜூலை 25இல் பாலத்தைப் பிடித்தும் தக்கவைக்க முடியாமல் பின்வாங்கினார். அடுத்த தடவை உயரமான ஒரு சீனக் கப்பலை ஆற்றில் ஏற்றினார். அது மணல் திட்டில் தட்டி நின்றது. பெரிய அலையேற்றம் வரும்வரை காத்திருந்து, ஆகஸ்ட் 10இல் அதைப் பாலத்தோடு ஒட்டினார். நான்காவது பதிலின் மரக்கோபுரத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்ட மாதிரி. தெருவில் வந்த யானைகளை ஈட்டியால் குத்தினார்கள், வலி தாங்காமல் அவை திரும்பிச் சொந்த ஆட்களையே மிதித்தன. அங்கிள், பதினொன்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

15. எல்லாம் ராஜா கதையாவே இருக்கு. உள்ள மாட்டிக்கிட்ட பொம்பளைங்க, புள்ளைங்க என்ன ஆனாங்க?

ஒரு பையனின் அம்மா, வண்டியை அணைக்காமலே கேட்டது. நாள் கடத்துவதுதான் நொச்சியின் வேலை என்றேன். நாளைக் கூட்ட ஒரு வழி, சாப்பிடும் வாய்களைக் குறைப்பது.

1203இல் பிரெஞ்சு அரசன் இரண்டாம் பிலிப், நார்மண்டியில் ஷாத்தோ கையார் கோட்டையை வளைத்தபோது, சுற்றியிருந்த ஊர்மக்கள் உள்ளே தஞ்சம் புகுந்தார்கள். களஞ்சியம் இறங்குவதைப் பார்த்த கோட்டைத் தலைவன் அவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பினான். முதலில் போனவர்களை முற்றுகைப் படை வழி விட்டது. அவர்கள் உள்ளேயே இருந்தால்தான் உணவு சீக்கிரம் தீரும் என்று பிலிப்புக்கு உறைத்ததும், அடுத்த கூட்டத்தை அம்பு எய்து திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்களுக்குக் கோட்டைக் கதவும் திறக்கவில்லை. குளிர்காலம் முழுக்க இரண்டு படைக்கும் நடுவே, பள்ளத்தில், புல்லையும் கிடைத்ததையும் தின்று கிடந்தார்கள். பிலிப்பே ஒரு நாள் அந்தப் பக்கம் வந்து பார்த்துச் சோறு போட்டுப் போகவிடச் சொல்லும்போது பலர் செத்துப் போயிருந்தார்கள். கோட்டை 1204 மார்ச்சில் விழுந்தது.